அக்கா கொடுத்த ராசியான சீட்

என் மகளுக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் அக்கா எங்கள் இருவரையும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அனுப்பிவைத்தாள். பிள்ளையோடு தாய்வீட்டுச் சீர் வர வேண்டும் என்பது வழக்கம். தொட்டில், மெத்தை, கொசுவலை, பால் சங்கு, வெள்ளிக் கொலுசு என்று எல்லாவற்றையும் தட்டுகளில் அடுக்கிக் கூடத்தில் பரப்பியிருந்தாள். அந்த வரிசையின் கடைசியில், மஞ்சள் பூப்போட்ட உறை மாட்டிய கார் சீட் ஒன்றும் உட்கார்ந்திருந்தது. எங்களை அழைத்துப்போக வந்திருந்த என் நாத்தனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, சலூன் கடை நாற்காலியா?"

"எங்க வீட்டு ராசியான சீட்டு" என்றாள் அக்கா. சிரிக்காமல் சொன்னாள்.

எங்கள் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். அதன்பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அக்கா வீடுதான். விழுப்புரத்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் பிள்ளைத் துணியும் தைப்பாள். என் கல்யாணத்துக்கு முன்நின்றவள் அவள்தான். என் பிரசவம் பார்த்ததும் அவள்தான். பூண்டுக் குழம்பும் கருவாட்டுக் குழம்புமாக ஐந்து மாதம் எனக்கு வடித்துக் கொட்டினாள். அவளுக்கும் எனக்கும் வயதில் ஏழு வருட இடைவெளி இருந்தாலும், கோபம் வந்தால் இரண்டு பேரும் சமவயதுதான். அதில் மட்டும் மூத்தவள் இளையவள் கிடையாது.

அந்த சீட்டுக்கு ஒரு கதை உண்டு. அக்கா வீட்டுக்காரர் சில வருடங்கள் துபாயில் வேலை பார்த்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அக்காவுக்குப் பையன் பிறந்ததும் ஊருக்கே வந்துவிட்டார். வரும்போது எல்லோரும் டிவியோ தங்கமோ கொண்டுவருவார்கள். இவர் பெரிய அட்டைப்பெட்டியில் பிள்ளைக்குக் கார் சீட் கொண்டுவந்தார். அங்கே சீட் இல்லாமல் பிள்ளையைக் காரில் ஏற்ற விடமாட்டார்கள் என்று சொன்னார். குழந்தை சின்னதாக இருக்கும்போது அதன் முகம் காரின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி வைக்கவேண்டும். வளர்ந்தபிறகு திருப்பிப் போடவேண்டும். ஒரே சீட் இரண்டுக்கும் ஆகும். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "பிள்ளைய ஏன் ரோட்டுக்கு முதுகு காட்டி வெச்சிருக்கீங்க, தப்பு பண்ணிட்டானா?" என்று கேட்டார்கள்.

பையனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது அது நடந்தது. என்னைப் பார்க்கத் திண்டிவனம் வந்துகொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்த நேரம். விக்கிரவாண்டி தாண்டி, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. மாமா பிரேக் போட்டும் வண்டி போய் மோதிவிட்டது. முன்பக்கம் அப்படியே நசுங்கிவிட்டது. மாமாவுக்குத் தொடையெலும்பு முறிந்து, நெஞ்சிலும் அடி. அக்காவுக்குக் கழுத்தோரக் காறையெலும்பு முறிந்திருந்தது. பையனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆட்கள் ஓடிவந்து கதவைத் திறந்தபோது சீட்டில் உட்கார்ந்தபடி பிஸ்கட் கேட்டானாம்.

மாமா பல நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி, அக்கா காதில் விழும்படியே, "இந்த வயசுல தாலிய அறுக்கிற கெதி வந்துடும்போல கீதே" என்று பேசிவிட்டாள். மாமா பிழைத்து எழுந்தார். கொஞ்சம் காலைச் சாய்த்து நடக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து 'அறு' என்ற சொல்லே அக்கா வாயில் வராது. நூல் அறுந்தால் "நூல் விட்டுடுச்சு" என்பாள். தைக்க வருகிற பெண்கள் "ஹூக்கு அறுந்துடுச்சுக்கா" என்று சொன்னால் அவள் முகம் சுண்டிவிடும். கதிர் அறுப்பைக்கூட "கதிர் எடுக்கறாங்க" என்பாள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொல்கிற ஊரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா செய்த முதல் வேலை, நசுங்கிய காரிலிருந்து அந்த சீட்டைக் கழற்றி மாதா கோயிலுக்கு எடுத்துப்போனதுதான். ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சாமியார் அதைச் செபம் சொல்லி மந்திரித்துக் கொடுத்தார். கண்ணாடித் தூள் படிந்து கிழிந்திருந்த பழைய உறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, மஞ்சள் பூப்போட்ட துணியில் அச்சாகப் புது உறை தைத்துப் போட்டாள். சுருக்கமே விழாத தையல். உறையின் ஓரத்தில் சின்ன மாதா மெடல் ஒன்றையும் வைத்துத் தைத்தாள். அதற்கப்புறம் மாமாவிடம் கார் இல்லை. வாடகைக் கார் பிடித்தாலும் அந்த சீட்டைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். "இதுல உக்காந்தா எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்பாள்.

அப்படிப்பட்ட சீட்டைத்தான் எனக்குச் சீராகக் கொடுத்தாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். நோய் நொடி இல்லாமல் வளர்ந்த ஒரு பிள்ளையின் பழைய துணியைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் போடுவார்கள். அந்தப் பிள்ளையின் ஆயுசு இதற்கும் ஒட்டட்டும் என்று. அக்காவின் கணக்கும் அதுதான். இடிபட்டும் பிள்ளையைக் காப்பாற்றிய சீட்டைவிட ராசியான சீட் உலகத்தில் ஏது?

"அப்ப உம்பிள்ளைக்கு என்னக்கா? அவன் எதுல உக்காருவான்?" என்று நான் கேட்டேன்.

"அவனுக்கு நாலு வயசு ஆவப்போவுது. பெரியவனாயிட்டான்" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். ஓடுகிற பஸ் சட்டென்று நின்றால் நிற்கிறவர்கள் ஏன் முன்னால் சாய்கிறார்கள் என்று வருடாவருடம் பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். நாலு வயது என்பது பெரிய வயது இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்கு என் பிள்ளைதான் கண்ணில் தெரிந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சின்ன கார் ஒன்று பழையதாக வாங்கியிருந்தார். அதன் பின்சீட்டில் அக்கா கொடுத்த சீட்டைப் பொருத்தினோம். பாதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தப் பட்டைகளோடு போயிற்று. பின்பக்கம் பார்த்து வைக்கும்போது தோள் பட்டை பிள்ளையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். பட்டையை விரலால் கிள்ளினால் கிள்ளுக்கு அகப்படக்கூடாது. வெயில் காலத்தில் பக்கிள் கொதிக்கும் என்பதால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மேலே துண்டு போட்டு மூடிவைப்பேன். மகள் ஆரம்பத்தில் ஊரைக் கூட்டி அழுதாள். பிறகு பழகிக்கொண்டாள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது விழுப்புரம் போவோம். அக்கா வாசலிலேயே நின்று, பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைத்தான் தட்டிப் பார்ப்பாள்.

முதல் பிறந்தநாளுக்கு அக்கா உள்ளே விறைப்பான கேன்கேன் வலைத்துணி வைத்து, குடை விரித்த மாதிரி ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுவிட்டுப் பிள்ளையை சீட்டில் உட்காரவைத்தால் பட்டை இறுகவே இல்லை. துணிமேல்தான் இறுகியது; உள்ளே பிள்ளை லொடலொடவென்று ஆடினாள். நான் கவுனைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு, வெறும் ஜட்டியோடு பிள்ளையைக் கட்டி ஓட்டிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் வைத்து உடுத்திவிட்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உலகத்துலயே பொறந்தநாளுக்கு அம்மணமா பூசைக்கு வந்த பிள்ளை இதுதான்டீ" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் அதற்குப் பிறகு பல வருடம் நான் தேடினேன்.

மகளுக்கு இரண்டு வயது தாண்டி, கால் மடங்கி, பின்பக்கம் பார்த்து உட்காரவைக்க இடம் போதாமல் ஆனபோது சீட்டை முன்பக்கமாகத் திருப்பினோம். என் வீட்டுக்காரர் அதற்குள்ளேயே அடுத்த அளவில் பெரிய சீட்டாக வாங்கிவிடலாம் என்றார். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே எடுத்துடலாமே." பள்ளிச் சீருடைக்கும் செருப்புக்கும் நம் ஊரில் எல்லோரும் சொல்கிற கணக்கு. சீட்டுக்கு அது ஒத்துவராது. இன்றைய உடம்புக்கு இன்றைய அளவுதான் என்று நான் வகுப்பு எடுத்தேன். என்னிடம் யாராவது அகப்பட்டால் விடமாட்டேன்.

அது பலாப்பழக் காலம். ஒரு ஞாயிறு அக்கா வீட்டில் மகள் கணக்கில்லாமல் சுளை தின்றாள். வரும் வழியில் மொத்தத்தையும் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து உறையைத் துவைக்கலாம் என்று பார்த்தால், அக்காவின் தையல் கழற்றுகிற தையலா? மெஷின் தையலுக்கு மேல் கைத்தையலும் போட்டிருந்தாள். பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். உறை வந்ததும் சீட்டின் கறுப்பு முதுகு தெரிந்தது. அதன் குறுக்கே, இடுப்புப் பட்டை நுழையும் இடத்திலிருந்து பக்கவாட்டு வரைக்கும், வெள்ளையாக ஒரு கோடு ஓடியிருந்தது. நகத்தால் தடவிப் பார்த்தேன். கோடு இல்லை, விரிசல். அழுத்தினால் வாயைத் திறந்து மூடியது.

ஒரு பெரிய இடியைத் தாங்கிய சீட் அந்த இடியோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை மறுபடி உபயோகிக்கக்கூடாது. தெரியாமல் போனது எப்படி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இத்தனை காலம் என் பிள்ளையை வெடித்த பானையில் வைத்து ஊர் சுற்றியிருக்கிறேன். மந்திரித்ததும் ராசியும் மஞ்சள் துணியும் அந்த விரிசலை மூடிக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்ட சீட்டை அப்படியே வெளியே போட்டால் யாராவது எடுத்துப்போய்த் தங்கள் பிள்ளைக்குப் பொருத்திவிடுவார்கள். அதனால் பட்டைகளை வெட்டிவிட்டுத்தான் போடவேண்டும். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேக்க இன்னாங்க இருக்குது? உடைஞ்சது உடைஞ்சதுதான்."

நான் அப்படித்தான். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. மெடலை மட்டும் பிரித்தெடுத்து அலமாரியில் வைத்தேன். பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, கூட்டைப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவரிடம் போட்டுவிட்டேன். போட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

அந்த வாரமே அக்கா போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். மாமா மறுபடி ஒரு கார் வாங்கப்போகிறாராம். விபத்துக்கு அப்புறம் முதல் கார். பையனுக்கு அப்போது ஆறு வயது. காரில் ஏறவே பயப்படுகிறானாம்.

"அந்த சீட்டை ஒரு தடவை குடுடீ. அவனுக்குப் பத்தாது, தெரியும். சும்மா பக்கத்துல இருந்தாப் போதும். அதப் பாத்தா பயம் தெளிஞ்சிடும். அப்புறம் நீயே எடுத்துக்கினு போயிடு."

அவள் வாயில் எப்போதும் வருகிற சொல் அது, 'பத்தும்', 'பத்தாது'. தையற்காரிக்கு உலகமே அந்த இரண்டில் அடங்கிவிடும். நான் விரிசலைப் பற்றிச் சொன்னேன். முதலில் நிதானமாகத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. "சாமியார் மந்திரிச்ச சீட்டுடீ" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. என் பிள்ளை அதில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் கண்முன்னால் வந்தது. "உடைஞ்ச சீட்டைப் போய் ராசின்னு குடுத்திருக்கியேக்கா" என்றேன்.

"சரி, நீ வெச்சிக்காத. என்கிட்ட குடு."

"இல்லக்கா. பெல்ட்டெல்லாம் அறுத்துட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வெட்டிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எடுத்துட்டேன், போட்டுட்டேன், எத்தனையோ சொல் இருந்தது. அவள் வீட்டில் வளர்ந்து, அவள் சொல்லாத சொல் எது என்று தெரிந்த எனக்கு, அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. "அறுத்துட்டியா?" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் பல வருடம் கழித்து அன்றுதான் கேட்டேன். பிறகு மெதுவாக, "நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

நீங்க. ஏழு வயது இளைய தங்கையை, தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவளை, நீங்க என்றாள்.

சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் சண்டை போடவில்லை. "நீரடிச்சு நீர் விலகுமா, ரெண்டு மாசத்துல சரியாப்போவும்" என்றார் என் வீட்டுக்காரர். நீர் விலகவில்லைதான், உறைந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் பார்த்துக்கொள்வோம். மெழுகுவத்தி ஏற்றுவோம். கல்யாணங்களில் ஒரே பந்தியில் உட்காருவோம். "வாங்க, சாப்பிட்டீங்களா" என்பாள். என் மகளை மட்டும் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவாள். எங்கள் காரில் ஏறமாட்டாள். பஸ் பிடித்துப் போய்விடுவாள்.

எனக்கு இன்னொரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது. அக்காவின் பையன் எதில் உட்காருகிறான்? தன் பிள்ளையிடமிருந்து எடுத்துத்தான் என் பிள்ளைக்குக் கொடுத்தாள். அவள் உறை மாட்டும்போது அந்த விரிசல் மயிரிழையாக இருந்திருக்கும்; அது உடைந்த சீட் என்று அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை, தன் மகனின் உயிரைக் காத்த ஒன்றை எனக்குத் தூக்கிக் கொடுத்தாள். இந்தக் கணக்கு எனக்கு அன்று போனில் பேசும்போது தோன்றவில்லை. பின்னால்தான் தோன்றியது.

மகளுக்கு அடுத்த சீட் வாங்கப் பாண்டிச்சேரி போனபோது பையனுக்கும் ஒரு பூஸ்டர் வாங்கினேன். ஆறு வயதுக்கு மேல் தனிப் பட்டை வேண்டாம். காரின் பெல்ட் கழுத்தில் ஏறாமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் தொடையிலும் விழவேண்டும். அதற்குப் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கிற சீட் அது. வீட்டுக்கு வந்து, அதன் ஓரத்தில் அந்த மாதா மெடலை நானே ஊசி நூலெடுத்துத் தைத்தேன். எனக்குத் தையல் வராது. இரண்டு தரம் விரலில் குத்திக்கொண்டேன்.

டிக்கியில் வைத்து எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். அக்கா வாசலுக்கு வந்தாள்.

"வாங்க. உள்ள வாங்க. காபி போடட்டுங்களா?"

காபி குடித்தேன். டிக்கியைத் திறக்கக் கை வரவில்லை. இதைக் கொடுத்தால், 'உன் ராசியைவிட என் சீட் உசத்தி' என்று சொல்வதாக அவள் எடுத்துக்கொள்வாளோ என்று பயம். அந்த 'வாங்க'வைத் தாண்டி எனக்கு வழி தெரியவில்லை. இன்னொரு முறையும் அதேபோல் கொண்டுபோய் அதேபோல் கொண்டுவந்தேன். அப்புறம் அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு லாஃப்டில் ஏற்றிவிட்டேன்.

ஒருநாள் சுங்கச்சாவடி வரிசையில் அவர்கள் கார் எங்களுக்குப் பக்கத்து வரிசையில் நின்றது. பையனுக்கு எட்டு வயதிருக்கும். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், பின்னால் நின்றுகொண்டு தலையை நீட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையாட்டினான். நான் கதவைத் திறந்து இறங்கி, வண்டிகளுக்கு நடுவே ஓடிப்போய் அவர்கள் கண்ணாடியைத் தட்டினேன். பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்துத் தீர்த்தது.

"அக்கா, பிள்ளைய உக்காரவெச்சு பெல்ட் போடுக்கா. நிக்கவெக்காத."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரிங்க" என்றாள். கண்ணாடி மேலே ஏறியது.

அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அழுதேன். பூஸ்டர் லாஃப்டில் கிடக்கிறது. பையன் இரண்டு சீட்டுக்கு நடுவில் நிற்கிறான். ஒரு போன் போட்டு, காலில் விழுந்தாவது கொடுத்திருக்கலாம். நான் செய்யவில்லை. அவளாக வரட்டும் என்று காத்திருந்தேன். அவளும் நானாக வரட்டும் என்றுதான் காத்திருந்தாளாம். பிள்ளைகள் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராசிக்காரன்தான். அக்கா சொன்னதில் அது மட்டும் உண்மை.

இந்த வருடம் மகளுக்குப் புதுநன்மை வந்தது, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் ரெடிமேடாக எடுக்கலாம் என்று நான் சொன்னதும் அவள் ஒரே பிடிவாதமாக என் போனைப் பிடுங்கினாள். "பெரியம்மா, எனக்குப் புதுநன்மை. நீங்கதான் கவுன் தைக்கணும். நீங்க தைக்கலன்னா நான் வாங்கவே மாட்டேன்." அளவை நான் டேப் பிடித்து எடுத்தேன், அவளே பெரியம்மாவுக்குச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடப் பையனும் வந்திருந்தான். பன்னிரண்டு வயது. அக்கா உயரத்துக்கு வந்துவிட்டான், மேலுதட்டில் பூனைமுடி. கவுனைப் போட்டுப் பார்த்தோம். தைத்துவைத்த மாதிரி இருந்தது என்று சொல்லவந்து, தைத்ததுதானே என்று அடக்கிக்கொண்டேன். பாவாடை பகுதி மெல்லிசாக, உடம்போடு விழுந்தது.

"கேன்கேன் வெக்கல" என்றாள் அக்கா, கவுனின் மடிப்பைச் சரிசெய்தபடி, என்னைப் பார்க்காமல். "வண்டில பெல்ட் போடணுமில்ல."

நான் சமையலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அக்கா செருப்பைப் போட்டபடி சும்மா நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குள் பிள்ளைகள் காருக்கு ஓடிவிட்டார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறி லாஃப்டிலிருந்து பூஸ்டரை இறக்கினேன். தூசியைத் தட்டி, உறையைக் கழற்றி, மகளின் சீட்டுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரமாகப் போட்டேன். பையன் அதில் ஏறி உட்கார்ந்தான். தலை கூரையில் இடித்தது. முட்டி முன்சீட்டில் முட்டியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சித்தி, நான் என்ன பாப்பாவா?"

அவன் இறங்கி, பூஸ்டரை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, வெறும் சீட்டில் உட்கார்ந்து தானே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான். முட்டி சீட்டின் விளிம்பில் சரியாக மடங்கியது. பெல்ட் தோளில் அழகாக விழுந்தது. அவனுக்கு இனிமேல் எந்த சீட்டும் வேண்டியதில்லை.

அக்கா பிள்ளைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டாள். பூஸ்டரை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்தாள். "டிக்கில வெச்சிடலாம்க்கா" என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

நான் வண்டியை எடுத்தேன். ஊரைத் தாண்டும்வரை பின்னால் பிள்ளைகள் சத்தம்தான் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அக்காவின் விரல் பூஸ்டரின் ஓரத்தில் மெடலைத் தடவிக்கொண்டிருந்தது.

"இது நீ தெச்சதா?"

"ஆமாக்கா."

"எருமை தெச்ச மாதிரி கீதுடீ."

அந்த 'டீ' காதில் விழுந்ததும் எனக்கு ரோடு கலங்கியது. வண்டியை மெதுவாக்கினேன்.

"எப்ப வாங்கின?"

"அந்த வருஷமேக்கா. உங்க வீட்டுக்கே ரெண்டு வாட்டி எடுத்துக்கினு வந்தேன். டிக்கிலயே இருந்துச்சு."

மகள் தூங்கிவிட்டாள். பையன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். விக்கிரவாண்டி வந்தது, அந்த டிராக்டர் நின்ற இடமும் வந்து, போயிற்று. அக்கா பூஸ்டரின் அகலத்தைச் சாண் வைத்து அளந்தாள். பிறகு மகனின் இடுப்பைப் பார்த்தாள். துணியைப் பார்க்கிற அதே பார்வை.

"நான் போன வருஷம் வந்திருந்தாக்கூட இவனுக்குப் பத்தியிருக்கும்" என்றாள்.